பிள்ளையின் கைக்கொப்புளம்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சின்னவளின் இடது கையில், தோளுக்குக் கீழே, பயறு அளவில் சிவந்து நடுவில் மஞ்சளாக முனைவிட்டிருக்கிறது. சயரோகம் (காசநோய்) வராமலிருக்கப் பிறந்தவுடன் ஆஸ்பத்திரியில் போட்ட பீ.சீ.ஜீ. ஊசியின் இடம் அது. ஆறு கிழமை சும்மா இருந்துவிட்டு இப்போது சீழ் வைக்கிறதே என்று பயப்படுகிறாய். உன் மாமி மஞ்சள் அரைத்துப் பூசச் சொல்கிறார் என்றாய். வேண்டாம் மகள். மஞ்சளோ களிம்போ போடாதே, பிதுக்காதே, பிளாஸ்டர் ஒட்டாதே. குளிப்பாட்டலாம், ஒற்றித் துடைத்தால் போதும்.

ஏன் இவ்வளவு தாமதம் என்று சொல்கிறேன். அந்த ஊசியில் போனது 0.05 மில்லிலீட்டர், ஏறக்குறைய ஒரு சொட்டுதான். அதில் இருப்பது உயிருள்ள, ஆனால் வீரியம் போன கிருமி. மாட்டுக்குச் சயரோகம் கொடுக்கிற கிருமியைக் கல்மெட், கெரான் என்ற இருவர் பிரான்சில் உருளைக்கிழங்கிலும் மாட்டுப் பித்தத்திலும் 1908இலிருந்து 13 வருஷம், 230 தடவை மாற்றி மாற்றி வளர்த்து இப்படி ஆக்கினார்கள். 1921இல் முதல் பிள்ளைக்குக் கொடுத்தார்கள்.

தோலுக்குள் போன கிருமியைக் காவல் செல்கள் விழுங்கி, அதன் துண்டுகளை அக்குளிலுள்ள நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோய், கிருமியை அடையாளம் கண்டு எதிர்க்கும் வெள்ளை அணுக்களான டீ செல்களுக்குக் காட்டும். அங்கே கோடிக்கணக்கான டீ செல்கள் இருந்தாலும் இந்தக் கிருமியை அடையாளம் காணக்கூடியவை மிகச் சில. அவை பெருகி, ஊசி போட்ட இடத்துக்குத் திரும்பி வந்து கிருமியைச் சூழக் கிழமைக் கணக்கில் ஆகும். நீ பார்க்கிற கொப்புளம் அதுதான். உடைந்து, பொருக்குத் தட்டி, மூன்று மாதமளவில் சின்னத் தழும்பாக நிற்கும். தழும்பு வராவிட்டால் கிளினிக்கில் காட்டு. அக்குளில் சிறு கட்டி தட்டுப்பட்டால் பெரும்பாலும் தானே வற்றிவிடும்; பெரிதாகிக்கொண்டே போனாலோ இளகிச் சிவந்தாலோ டொக்டரிடம் கொண்டுபோ.

இந்த ஊசி பிள்ளைகளை மூளையைத் தாக்கும் சயரோகத்திலிருந்து நன்றாகக் காக்கும். நெஞ்சுச் சயரோகத்தை அந்தளவுக்குத் தடுக்காது. அதனால் வீட்டில் யாருக்காவது இரண்டு கிழமைக்குமேல் இருமல் இருந்தால் சளி சோதிக்காமல் பிள்ளையைத் தூக்க விடாதே. லயத்துக் காம்பராவில் ஐந்தாறு பேர் ஒன்றாகப் படுக்கிற இடத்தில் இதை நான் எத்தனை தரம் சொன்னாலும் போதாது.

இரண்டாம் மாத ஊசி வேறு மாதிரி. தொண்டைக்கரப்பன், குக்கல், ஏற்புவலி (டெட்டனஸ்), ஹெபடைடிஸ் பி, மூளைக்காய்ச்சல் தரும் ஹிப் கிருமி ஆகிய ஐந்துக்கும் சேர்த்து ஒரே ஊசி. கூடவே போலியோவுக்கும் உண்டு. அன்றோ மறுநாளோ காய்ச்சல் வரலாம். குளிர் என்று கம்பளியில் சுற்றிவிடாதே, சூடு வெளியேறாது. ஊசிக்கு முன்பே பரசிட்டமோல் கொடுக்காதே, உடம்பு உருவாக்கும் எதிர்ப்பொருள் குறையலாம். காய்ச்சல் வந்தபின் கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கு. பிள்ளை 5 கிலோ என்றால், 5 மில்லிலீட்டரில் 120 மில்லிகிராம் உள்ள பாணி மருந்தில் 3 மில்லிலீட்டர். ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, ஒரு நாளில் நான்குக்கு மேல் இல்லை. தேக்கரண்டி வேண்டாம், சிரிஞ்சில் அள. வலிப்பு வந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, மூன்று மணித்தியாலம் விடாமல் அழுதாலோ உடனே ஆஸ்பத்திரிதான். நான்காம், ஆறாம் மாத ஊசிகளைத் தள்ளிப்போடாதே. முதல் ஊசியின் பாதுகாப்பு சீக்கிரம் தேய்ந்துவிடும், அடுத்தவைதான் நினைவுச் செல்களை நிலைக்க வைக்கும்.

சின்னமுத்து (தட்டம்மை) ஊசி மட்டும் ஏன் ஒன்பதாம் மாதம் என்று கேட்டாயே. கடைசி மாதங்களில் உன் இரத்தத்திலிருந்த எதிர்ப்பொருள் கொடி வழியாகப் பிள்ளைக்குப் போயிருக்கிறது. அது மிச்சமிருந்தால் ஊசியிலுள்ள கிருமியையே அழித்துவிடும், பிள்ளையின் உடம்பு எதையும் கற்றுக்கொள்ளாது. அது தேய்ந்தபின் போடுகிறார்கள், மூன்று வயதில் மறுபடி. இடையில் பிள்ளையைக் காப்பது சுற்றியிருப்பவர்கள் போட்ட ஊசி. வீட்டில் எல்லோருடைய கார்டையும் எடுத்துப் பார்.

தாய்ப்பாலை விடாதே. அதிலுள்ள எதிர்ப்பொருள் குடலின் உட்சுவரில் படிந்து வயிற்றோட்டக் கிருமியைத் தடுக்கும். கொத்தமல்லித் தண்ணி, வசம்பு ஒன்றும் ஆறு மாதம்வரை வேண்டாம். நீயும் முட்டை, பருப்பு, கீரை சாப்பிடு. கிளினிக்கில் தரும் திரிபோஷா சத்துமாவை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதே.

பொங்கலுக்கு வரும்போது விறகடுப்பு எரிகிற குசினிப் பக்கம் பிள்ளையைப் படுக்க வைக்க வேண்டாம். புகை மூச்சுக்குழாயிலுள்ள நுண்மயிர்களை முடக்கிவிடும். முன் காம்பராவை ஒழித்து வைக்கிறேன். கிளினிக் கார்டை மறக்காமல் கொண்டுவா, பிள்ளைக்கு இரண்டு மாதம் இங்கே இருக்கும்போது நிறைந்தால் ஊசியை இங்கேயே போட்டுக்கொள்ளலாம்.

அன்புடன்
அம்மா