பின்னோக்கி ஓடும் குதிரை டிராம் மாதிரி: பணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்க் கடிதம்

அனுப்புநர்:
இயற்பியல் ஆசிரியை,
அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி, பழனி.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
பள்ளி ஆய்வகக் கருவிகள் விற்பனை நிறுவனம், கோயம்புத்தூர்.

பொருள்: பிரேக் ஸ்பிரிங் பொருத்திய குதிரை டிராம் செயல்முறை மாதிரியில் உள்ள குறை, உங்கள் ஊழியர்களின் அலட்சியம், பணத்தைத் திரும்பப் பெறுதல் தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்களிடம் வாங்கிய இந்தக் குதிரை டிராம் (அந்தக் காலத்தில் குதிரைகள் தண்டவாளத்தில் இழுத்த பயணிகள் வண்டி) மாதிரியைப் பற்றி உங்களுக்கு ஏற்கெனவே மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன், ஃபோனில் பேசியிருக்கிறேன், நேரிலும் வந்து பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் வேறொரு ஆள் வருகிறார், நானும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன். இனிமேல் சொல்லத் தெம்பில்லை. அதனால் எல்லாவற்றையும் இந்த ஒரே கடிதத்தில் எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டுப் பதில் தாருங்கள்.

குறை இதுதான். வண்டி பின்னால் ஓடுகிறது.

வண்டியைத் தள்ளிவிட்டு பிரேக் கைப்பிடியைத் திருப்பினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் முறுக்கேறுகிறது, வண்டி மெல்ல நிற்கிறது. அதுவரை சரி. கைப்பிடியை விட்டதும் அந்த முறுக்கு அவிழ்ந்து வண்டியை முன்னால் தள்ள வேண்டும். குதிரைகளுக்கு முதல் இழுப்பில் கைகொடுக்க வேண்டும். உங்கள் வண்டியோ சரக்கென்று பின்னால் போகிறது, முன்னால் பூட்டியிருக்கும் இரண்டு குதிரைகளையும் இழுத்துக்கொண்டு போகிறது. பெட்டியின் மேல் நீங்களே அச்சடித்திருக்கும் வாசகம் "பிரேக்கில் வீணாகும் ஆற்றலைச் சேமித்து வண்டியைக் கிளப்பும் கருவி" என்பது. உங்கள் பொருள் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை என்றுதான் முதலில் நினைத்தேன்.

உங்கள் வாடிக்கையாளர் சேவையில் பேசிய அந்த இளைஞர் அந்த நினைப்பை மாற்றிவிட்டார். அவர் பெயரை எழுதப் போவதில்லை. அழைப்பைப் பதிவு செய்கிறோம் என்று நீங்களே சொல்கிறீர்கள், கேட்டுப் பாருங்கள். குறையைச் சொன்னதும் அவர் சொன்ன பதில்: "மேடம், ஸ்பிரிங்கை ஒரு பக்கம் முறுக்குனா மறுபக்கம்தான் அவிழும். அதுதான் சயின்ஸ். நீங்க சயின்ஸ் டீச்சர்னுதானே சொன்னீங்க?" அதற்குமேல் நான் விளக்க ஆரம்பித்ததும், "பசங்க பாத்துட்டுப் போற பொம்மைக்கு எதுக்கு மேடம் இவ்வளவு டென்ஷன்?" என்றார். பக்கத்தில் யாரோ சிரித்தது எனக்குக் கேட்டது. அப்புறம் காத்திருக்கச் சொல்லி ஒரு இசையைப் போட்டுவிட்டு இணைப்பைத் துண்டித்துவிட்டார். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் என்னைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது.

அவருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். சுருள் ஸ்பிரிங்கின் உள்முனை அச்சிலும் வெளிமுனை அதைச் சுற்றியிருக்கும் டிரம்மிலும் (உருளைப் பெட்டியிலும்) இருக்கின்றன. பிரேக் போடும்போது டிரம்மைப் பிடித்து நிறுத்திவிட்டு அச்சைச் சுழலவிட்டால் ஸ்பிரிங் முறுக்கேறும். கிளம்பும்போது பிடிக்கும் முனையை மாற்ற வேண்டும். உள்முனையைப் பிடித்துக்கொண்டு டிரம்மை விட வேண்டும். அப்போது ஸ்பிரிங் எந்தத் திசையில் முறுக்கேறியதோ டிரம்மும் அதே திசையில் சுழலும், அதாவது முன்னால். சாவி கொடுக்கும் கடிகாரத்தில் ஸ்பிரிங் இருக்கும் பீப்பாய் சுழல்வது இப்படித்தான். இதற்கு இரண்டு ராட்செட்கள் (ஒரு திசையில் மட்டும் சுழலவிடும் பற்சக்கரங்கள்) வேண்டும், இரண்டு தடுப்புக் கொக்கிகள் வேண்டும். உங்கள் விளக்கக் கையேட்டின் படத்திலேயே இரண்டும் தெளிவாக இருக்கின்றன. எங்களுக்கு வந்த வண்டியில் ஒன்றுதான் இருக்கிறது. டிரம்மைச் சட்டத்தோடு திருகாணி போட்டு இறுக்கியிருக்கிறீர்கள். அப்படி இறுக்கினால் ஸ்பிரிங் உள்முனை வழியாகத்தான் அவிழும், வண்டி பின்னால்தான் போகும். இதைக் கண்டுபிடித்தது நான்கூட இல்லை, என் மாணவி. கையேட்டையும் வண்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து அவள் சொன்னாள். பதினாறு வயதுப் பிள்ளைக்குப் புரிந்தது, இதை விற்கிற உங்கள் ஊழியருக்குப் புரியவில்லை.

பொம்மை என்று அவர் சொன்னதுதான் இன்னும் மனதில் அறுக்கிறது. நாங்கள் இதைப் பொம்மையாக வாங்கவில்லை. எங்கள் மாணவர்கள் மெட்ரோ ரயிலைப் பற்றியும் மின்சார ஸ்கூட்டரைப் பற்றியும் பேசும்போது, பிரேக் போட்டால் மின்சாரம் திரும்பக் கிடைக்கும் என்பதை இந்தக் காலத்தில் வந்த புதுமை என்று நினைக்கிறார்கள். மோட்டாரே இல்லாத காலத்தில், குதிரைகளின் வேதனையைக் குறைக்க மனிதர்கள் இதைத்தான் யோசித்தார்கள் என்று காட்ட விரும்பினேன். நியூயார்க்கில் 1832இல் குதிரை டிராம் ஓட ஆரம்பித்தது. 1880களின் நடுவில் அமெரிக்கா முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகளும் கோவேறு கழுதைகளும் டிராம் இழுத்துக்கொண்டிருந்தன. தண்டவாளத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை இழுப்பது பெரிய பாரமில்லை. நின்ற வண்டியைக் கிளப்புவதுதான் பாரம். கையைக் காட்டிய இடத்திலெல்லாம் நிறுத்தி ஆள் ஏற்றினார்கள், ஒவ்வொரு நிறுத்தத்துக்குப் பிறகும் குதிரைகள் முழு மூச்சையும் போட்டு வண்டியை அசைத்தன. சில வருடங்களில் அவற்றின் கால்கள் ஓய்ந்துபோயின. ஒரு குதிரையிடம் ஒரு நாளில் சில மணி நேரத்துக்குமேல் வேலை வாங்க முடியாது என்பதால் ஒரு வண்டிக்காகவே பல குதிரைகளை லாயத்தில் வைத்திருந்தார்கள்.

கரும்பலகையில் மாணவர்களோடு சேர்ந்து போட்ட கணக்கை இங்கேயும் தருகிறேன். ஆட்களோடு சேர்த்து வண்டி 4 டன், வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் அதன் இயக்க ஆற்றல் சுமார் 15,000 ஜூல். ஒரு குதிரைத்திறன் 746 வாட். இரண்டு குதிரைகள் பத்து விநாடி முழுதாக உழைத்துக் கொடுத்த ஆற்றல் அது. பிரேக் கட்டை சக்கரத்தில் உரசியதும் அத்தனையும் வெப்பமாகப் போய்விடும். அடுத்த நொடியே மறுபடியும் குதிரையிடமிருந்து அதே 15,000 ஜூலைக் கேட்பார்கள். இந்த வீணடிப்பைத் தடுக்கத்தான் ஸ்பிரிங்கில் சேமிக்கும் கிளப்பும் கருவிகளுக்கு அந்தக் காலத்தில் பலர் காப்புரிமை வாங்கினார்கள். எடையும் செலவும் அதிகம், பழுதும் அதிகம் என்பதால் அவை பெரிதாகப் பரவவில்லை. ஆனால் அந்த யோசனை சரியான யோசனை. அதை என் பிள்ளைகள் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றுதான் பெற்றோர் ஆசிரியர் கழகத்திடம் பேசி, ஆசிரியர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, 11,800 ரூபாய் கட்டினோம். அந்தப் பணம் எங்களுக்குச் சின்னப் பணம் இல்லை.

அறிவியல் கண்காட்சி நாளில் என்ன நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும். முதலில் மாணவர்கள் ஸ்பிரிங் இல்லாமல் சுருள்வில் தராசை மாட்டி வண்டியை இழுத்துக் காட்டினார்கள். கிளப்புவதற்கான விசை, ஓடும்போது தேவைப்படும் விசையைப் போலப் பல மடங்கு வந்தது. எல்லோரும் ஆர்வமாகப் பார்த்தார்கள். அடுத்து ஸ்பிரிங்கின் முறை. தராசின் முள் இறங்க வேண்டும், ஏறியது! குதிரைக்கு உதவ வேண்டிய கருவி குதிரைக்கு எதிராக இழுத்தது. பார்க்க வந்த நடுவர் அடுத்த மேசைக்கு நகர்ந்துவிட்டார். மாநில அளவுக்குப் போக வேண்டிய திட்டம் அது, எனக்கு அதில் சந்தேகமே இல்லை. அந்த மாணவி அன்று மதியம் சாப்பிடவில்லை. ஒரு பிள்ளையின் எதிர்காலத்தையே நீங்கள் கெடுத்துவிட்டீர்கள் என்று நான் சொன்னால் அது மிகையாகத் தெரியலாம். அவள் முகத்தைப் பார்த்தவள் நான், அப்படித்தான் சொல்வேன்.

கண்காட்சிக்கு முன்பே இதைச் சரிசெய்து தர உங்களுக்கு நேரம் இருந்தது. கோயம்புத்தூர் பயணத்தை எப்படி மறப்பேன்? "சர்வீஸ் சென்டருக்கு நேரில் கொண்டு வாங்க, அங்கேயே மாற்றித் தருவோம்" என்று உங்கள் அலுவலகத்திலிருந்துதான் சொன்னார்கள். விடுப்பு எடுத்து, மரமும் பித்தளையுமாகக் கனக்கும் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பழனியில் பேருந்து ஏறினேன். உடுமலை வரை உட்கார இடமில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொள்ள யாரோ ஒரு அம்மாதான் உதவினார். உக்கடத்தில் இறங்கி ஆட்டோ பிடித்து உங்கள் இடத்துக்கு வந்தால், மாதிரிகளைப் பழுது பார்ப்பவர் திருப்பூர் போயிருக்கிறார், எப்போது வருவார் என்று தெரியாது என்றார்கள். பெட்டியை வைத்துவிட்டுப் போகிறேன், ரசீது கொடுங்கள் என்றேன். ரசீது கொடுக்கும் அதிகாரம் தங்களுக்கு இல்லையாம். குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. பெட்டியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு இருட்டிய பிறகு வீடு வந்து சேர்ந்தேன். அந்த ஒரு நாளுக்கு நீங்கள் எந்த விலையும் கொடுக்க முடியாது.

இதற்கிடையில் "மாற்று உதிரி பாகம் அனுப்பியுள்ளோம்" என்று குறுஞ்செய்தி வந்தது. தடுப்புக் கொக்கி வந்துவிட்டது என்று மாணவர்கள் எல்லோரும் கூடி நின்று பார்சலைப் பிரித்தார்கள். உள்ளே இரண்டு பிளாஸ்டிக் குதிரைகள். குதிரைகளில் எந்தக் குறையும் இல்லை என்று நான் எழுதிய மின்னஞ்சலில் தெளிவாகவே இருந்தது. யாராவது அதைப் படித்தீர்களா?

நான் சண்டை போடுவதற்காக எழுதவில்லை. உங்கள் நிறுவனத்தின் மற்ற பொருள்கள் எங்கள் ஆய்வகத்தில் இருக்கின்றன, ஒளியியல் பலகை நன்றாகவே உழைக்கிறது. குதிரை டிராமை ஒரு மாதிரியாகச் செய்ய வேண்டும் என்று யோசித்த உங்கள் ஆள் யாராக இருந்தாலும் அவருக்கு என் மரியாதை உண்டு. கொல்கத்தாவில் 1873இல் சியால்தா முதல் ஆர்மீனியன் படித்துறை வரை குதிரை டிராம் ஓடியதையும், மும்பையில் 1874இல் அது தொடங்கியதையும் நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள இது நல்ல வழி. சென்னையில் 1895லேயே மின்சார டிராம் வந்துவிட்டதால் இங்கே பலருக்கு டிராம் என்றால் கம்பியும் மின்சாரமும்தான் நினைவுக்கு வருகின்றன. அதற்கு முந்தைய கதையைச் சொல்ல இப்படி ஒரு பொருள் கிடைப்பது அரிது. அதனால்தான் இவ்வளவு பொறுமையாக இருந்தேன்.

நியூயார்க்கில் 1866இல் விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தைத் தொடங்கிய ஹென்றி பெர்க், அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய டிராம்களை நடுத்தெருவில் நிறுத்தி ஆட்களை இறங்கச் சொன்னார். வாயில்லா ஜீவனுக்காக ஒருவர் தெருவில் இறங்கி நின்றார். பணம் கொடுத்து வாங்கிய நாங்கள் மட்டும் எங்கள் நியாயத்தைக் கேட்காமல் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டுமா?

எனக்கு வேண்டியது இவைதான். முழுத் தொகையான 11,800 ரூபாயையும் இந்தக் கடிதம் கிடைத்த பதினைந்து நாட்களுக்குள் பள்ளியின் வங்கிக் கணக்கில் செலுத்துங்கள். பெட்டியை உங்கள் செலவில் வந்து எடுத்துச் செல்லுங்கள், நான் இன்னொரு முறை அதைத் தூக்கிக்கொண்டு பேருந்து ஏற மாட்டேன். ஃபோனில் பேசிய ஊழியர் என் மாணவர்களுக்கு எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். பணத்துக்குப் பதிலாக இரண்டு ராட்செட்டும் சரியாகப் பொருத்திய வண்டியை அனுப்புவதாக இருந்தால், அது முன்னால் கிளம்புவதைக் காட்டும் வீடியோவை முதலில் அனுப்புங்கள். பார்த்துவிட்டுச் சம்மதமா என்று சொல்கிறேன். இதே மாதிரியை வேறு பள்ளிகளுக்கும் விற்றிருப்பீர்கள். அவர்களுக்கும் தகவல் சொல்லுங்கள்.

பதில் வராவிட்டால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்வேன். அதன்பின் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் இல்லை. வண்டி பின்னால் ஓடும் வீடியோ, கையேட்டின் படம், நீங்கள் அனுப்பிய குதிரைகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. அங்கே ஆணையத்தின் மேசை மேலேயே வண்டியை வைத்து ஓட்டிக் காட்டுவேன். அந்த அளவுக்குப் போகவிடாமல் நீங்களே முடித்துவிடுவீர்கள் என்று நம்புகிறேன்.

பில் நகல், பார்சல் ரசீது, முந்தைய மின்னஞ்சல்களின் நகல், வண்டியின் அடிப்பகுதியை எடுத்த புகைப்படம் ஆகியவற்றை இணைத்துள்ளேன். புகைப்படத்தில் இரண்டாவது ராட்செட் இருக்க வேண்டிய இடத்தைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியை, பழனி.