‘ரிவர்ட்’ என்றால் பதில் மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் தினமும் ஐந்து ஆங்கிலச் சொற்களும், எதிரே ஒற்றைச் சொல்லில் தமிழ்ப் பொருளும் வருகின்றன. அண்மையில் ‘ரிவர்ட்’ என்பதற்குப் ‘பதில் அளி’ என்று மட்டும் போட்டிருந்தீர்கள். திருப்பூர், கரூர் ஏற்றுமதி அலுவலகங்களில் காலை முதல் இரவு வரை புழங்கும் சொல் இது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

பதில் என்ற பொருள் தப்பு என்று சொல்ல வரவில்லை. இந்தியாவிலும் சிங்கப்பூர், மலேசியாவிலும் அலுவலக ஆங்கிலத்தில் அது வேரூன்றிவிட்டது. ‘மெயில்ல ரிவர்ட் பண்ணிருங்ணா’ என்றால் அவிநாசி ரோட்டில் யாருக்கும் குழப்பமில்லை. ஆனால் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இந்தச் சொல்லைக் கேட்டதும் தோன்றுவது, முன்பிருந்த நிலைக்கே திரும்புவது என்பதுதான். லத்தீன் மூலத்தில் ‘ரீ’ என்றால் பின்னால், ‘வெர்ட்டெரே’ என்றால் திருப்புதல். கன்வர்ட், டைவர்ட், இன்வர்ட் எல்லாம் அதே வேரில் முளைத்தவை. நம் அரசு அலுவலகங்களில் ‘ரிவர்ஷன்’ என்றால் பழைய பதவிக்கே போவது என்று எல்லோருக்கும் தெரியும். அதே அலுவலகத்து மெயிலில் மட்டும் ரிவர்ட் பதிலாகிவிடுவது வேடிக்கைதான்.

பனியன் கம்பெனியில் இது எங்கே கடிக்கும் என்று பார்ப்போம். ஆண்கள் டி-ஷர்ட் ஒன்று, மீடியம் சைஸ். ஆடையின் அளவுகளைச் சொல்லும் டெக் பேக்கில் நெஞ்சகலம், அதாவது பாதிச் சுற்று, 52 செ.மீ. அளவு பார்க்கத் தைக்கும் முதல் ஃபிட் சாம்பிளுக்குப் பிறகு, வெளிநாட்டில் சரக்கு வாங்கும் பையர் அதை 53 ஆக்கச் சொல்கிறார். அடுத்த சாம்பிளைப் பார்த்துவிட்டு ‘ப்ளீஸ் ரிவர்ட் டு 52’ என்று எழுதுகிறார். பழையபடி 52-க்கே போங்கள் என்பதுதான் அதற்குப் பொருள். பதில் என்ற ஒரே பொருளை மனப்பாடம் செய்த, பையரோடு தொடர்பைக் கவனிக்கும் புது மெர்ச்சண்டைசர், 52 பற்றி ஏதோ விளக்கம் கேட்கிறார்கள் போலும் என்று எடுத்துக்கொண்டு, ‘நோட்டட், வில் ரிவர்ட்’ என்று தட்டிவிடுவார். பையர் அதைப் படித்து, சரி, 52-க்கு மாற்றிவிடுவார்கள் என்று நிம்மதியாகிவிடுவார். வெட்டுவதற்கான அளவு வரையும் பேட்டர்ன் மாஸ்டருக்குத் தகவல் போகாது. கட்டிங் 53-இலேயே நடக்கும்.

ஒரு சென்டிமீட்டர்தானே என்று தள்ளிவிட முடியாது. முழுச் சுற்றில் அது இரண்டு. கூடவோ குறையவோ விடும் டாலரன்ஸ் ஒரு சென்டிமீட்டர் என்று வைத்தாலும், 53-க்கு வெட்டினால் இருக்கிற இடம் முழுவதும் அங்கேயே தீர்ந்துவிடும். தையலிலோ அயர்னிங்கிலோ இன்னும் அரை சென்டிமீட்டர் கூடினாலும் பீஸ் இன்ஸ்பெக்‌ஷனில் வெளியே நிற்கும். மற்ற சைஸ்களும் இந்த அளவிலிருந்துதான் கூட்டியும் குறைத்தும் கிரேடிங் ஆகின்றன என்பதால் ஸ்மால் முதல் டபுள் எக்ஸ்எல் வரை எல்லாமே தப்பும்.

மெயிலில் இதைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. ‘டு’வுக்குப் பின்னால் ஓர் அளவோ, பழைய நிறமோ, முந்தைய விலையோ வந்தால் அங்கே திரும்பச் சொல்கிறார்கள். ‘டு அஸ்’, ‘டு மீ’ என்று ஆள் வந்தாலோ, ‘பை ஃப்ரைடே’ என்று கெடு மட்டும் வந்தாலோ பதில் கேட்கிறார்கள். சொத்து வழக்குகளில் மட்டும் ஆள் வந்தாலும் பொருள் வேறு: குத்தகை முடிந்து நிலம் உரிமையாளரிடமே திரும்புவதற்கும் இதே சொல்தான். நாம் எழுதும்போது வெளிநாட்டுக்குப் போகும் மெயிலில் ‘ரிப்ளை’ என்றோ ‘கெட் பேக் டு யூ’ என்றோ போட்டுவிட்டால் தொல்லையே இல்லை. ‘ரிவர்ட் பேக்’ வேண்டவே வேண்டாம். ‘பின்னால்’ சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இன்னொன்றும் எளிதில் பிடிபடும். பொது வழக்கில் இது ‘திரும்பு’ என்னும் தன்வினை, ‘திருப்பு’ அல்ல. செயப்படுபொருள் ஏற்காது. ‘ரிவர்ட் தி ஃபைல்’ என்று எழுதினால் ஃபைலைத் திருப்பி அனுப்பு என்று ஆகாது. ஆனால் கோவை சரவணம்பட்டி மென்பொருள் அலுவலகங்களில் ‘ரிவர்ட் தி சேஞ்ச்’ என்பார்கள். செய்த மாற்றத்தை நீக்கிப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது என்று அந்தத் தொழிலில் அது நிலைத்துவிட்டது. அங்கே அது சரி. உச்சரிக்கும்போது அழுத்தம் இரண்டாம் அசையில், ‘வெர்ட்’டில், விழ வேண்டும். நம் பிள்ளைகள் ‘ரி’யில் அழுத்துகிறார்கள்.

இதையெல்லாம் ஒற்றைச் சொல் பொருள் தாங்காது. ஆங்கிலம்–தமிழ் அகராதி பொருளைக் காட்டும். புழக்கத்துக்கு, ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே செய்த ஆங்கிலம்–ஆங்கில அகராதி வேண்டும். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி 1942-இல் வெளியிட்டது அப்படிப்பட்டது. இன்றைய ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதி அதன் வழிவந்ததே. வினை எந்த வகை, பின்னால் எந்த முன்னிடைச்சொல் வரும், எந்த நாட்டு வழக்கு என்பதெல்லாம் அதில் இருக்கும். பிள்ளைகள் பொருளை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள்.

நோட்டில் எழுதும்போதும் சொல்லைத் தனியாக எழுதாமல் ‘ரிவர்ட் டு ஆன் எர்லியர் வெர்ஷன்’ என்று துணையோடு எழுதி, கீழே தன் வேலையிலிருந்தோ பாடத்திலிருந்தோ சொந்தமாக ஒரு வாக்கியம் போட வேண்டும். மறுநாள், மூன்றாம் நாள், வாரக் கடைசி, மாதக் கடைசி என்று இடைவெளியை நீட்டிக்கொண்டே திரும்பப் பார்க்க வேண்டும். பார்க்கும்போது ஆங்கிலத்தைக் கையால் மறைத்து, தமிழ்ச் சூழலைப் படித்துச் சொல்லை வரவழைக்க வேண்டும். பட்டியலைக் கண்ணால் ஓட்டினால் அடையாளம் தெரியுமே தவிர, மெயில் அடிக்கும்போது கை வராது.

தங்கள் பக்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அதே இடத்தில் ஐந்து சொற்களுக்குப் பதில் ஒன்றே ஒன்றைப் போடுங்கள்: அழுத்தம், பின்னால் வரும் சொல், எந்த நாட்டில் எந்தப் பொருள், இரண்டு வாக்கியம். ஞாயிறன்று அந்த வாரத்து ஆறு சொற்களையும் கோடிட்ட இடமாகக் கொடுங்கள். அடுத்து ‘பாஸ்ட் அவுட்’டை எடுத்துக்கொண்டால் நல்லது. வளாக நேர்காணல் காலம் வரப்போகிறது. கல்லூரி முடித்தேன் என்று சொல்ல நினைத்து, மயங்கி விழுந்தேன் என்று அமெரிக்கர் காதில் விழும்படி பல பேர் சொல்வார்கள்.

இப்படிக்கு,
ஏற்றுமதி அலுவலக ஆங்கிலப் பயிற்சி ஆசிரியர்கள்,
திருப்பூர்.