அண்ணனுக்கு, மே 11 அன்று

அன்புள்ள அண்ணே,

இன்று மே 11. என்ன நாள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு முடிவைச் சொல்லத்தான் எழுதுகிறேன். வரும் ஆகஸ்டில் தொடங்கும் போர்ச்சுகல் கால்பந்து லீக்கை முதல் சுற்றிலிருந்து 34ஆம் சுற்றுவரை மறுபடி உங்களோடு சேர்ந்து பார்க்கப் போகிறேன். நீங்கள் போர்ட்டோ, நான் பென்ஃபிகா. அதில் எந்த மாற்றமும் கிடையாது. உங்களுக்கு மட்டும் எழுதினால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று தெரியும். அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன். படிப்பவர்களில் நம்மைத் தெரிந்தவர்களும் இருப்பார்கள். ஆகவே வீட்டுப் பேச்சு வாசலோடு நிற்கட்டும்.

வேலையை ஜூலையிலேயே தொடங்க வேண்டும். அட்டவணைக் குலுக்கல் முடிந்ததும் 18 அணி, 34 சுற்று, 306 ஆட்டத்துக்கும் யார் யாரோடு என்பது தெரிந்துவிடும். முதல் 17 சுற்றை மட்டும் எழுதிக்கொண்டால் போதும். 18ஆம் சுற்றிலிருந்து அதே வரிசைதான், மைதானம் மட்டும் மாறும். 16ஆம் சுற்றில் லிஸ்பன் டெர்பி, அதாவது பென்ஃபிகா–ஸ்போர்ட்டிங் ஆட்டம், வந்தால் 33இல் மறுபடி வரும். 2024–25இல் அப்படித்தான் வந்தது, அந்த 33ஆம் சுற்றில்தான் பட்டம் தொங்கிக்கொண்டிருந்தது. எனவே ஜூலையிலேயே 30 முதல் 34 வரையுள்ள வரிசையைப் பாருங்கள். போர்ட்டோ, பென்ஃபிகா, ஸ்போர்ட்டிங் என்ற பெரிய மூவரில் யாருக்குக் கடைசி ஐந்தில் வெளியூர் ஆட்டம் அதிகம் என்று எண்ணுங்கள். ஆகஸ்டு முடிவுகளைவிட அது அதிகம் சொல்லும்.

கிழமையும் நேரமும் குலுக்கலில் வராது. தொலைக்காட்சிக்கு ஏற்றபடி சில சுற்றுகளாகப் பிரித்துப் பின்னால் அறிவிப்பார்கள். ஒரு சுற்று வெள்ளி தொடங்கித் திங்கள் வரை நீளும். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அவர்கள் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால். மற்ற மாதங்களில் ஐந்தரை. லிஸ்பனில் 20:30 என்று போட்டிருந்தால் செப்டம்பரில் நமக்கு இரவு 1 மணி, டிசம்பரில் 2 மணி. 15:30 ஆட்டம் குளிர்காலத்தில் நமக்கு 9 மணி. அந்த நேரத்தில் பெரும்பாலும் சிறிய அணிகள்தான் ஆடும். அவற்றையும் விடக்கூடாது, காரணம் பின்னால் சொல்கிறேன். சாண்டா கிளாரா சொந்த ஊரில் ஆடினால் கூடுதல் கவனம் வேண்டும். அசோர்ஸ் தீவுகள் லிஸ்பனுக்கும் ஒரு மணி நேரம் பின்னால், உள்ளூர் நேரத்தை லிஸ்பன் நேரம் என்று குறித்தால் ஒரு மணி நேரம் முன்னதாகவே எழுந்து காத்திருக்க வேண்டும். மடெய்ராவில் நாசியோனால் ஆடும் ஷொபானா மலைமேல் இருக்கிறது. மூடுபனி இறங்கினால் ஆட்டத்தையே நிறுத்திவிடுவார்கள். அந்தச் சுற்றுக்கு அட்டவணையில் ஒரு வெற்றுக் கட்டம் விட்டு வையுங்கள்.

நோட்டில் நான் போட நினைக்கும் கட்டங்கள் இவை: சுற்று, எதிரணி, உள்ளூரா வெளியூரா, முந்தைய ஆட்டத்துக்குப் பின் எத்தனை நாள் ஓய்வு, நான்கு மஞ்சள் அட்டையோடு இருப்பவர்கள், 75ஆம் நிமிடத்துக்குப் பிறகு போட்ட கோல், வாங்கிய கோல். ஐந்தாவது மஞ்சள் அட்டை வாங்கினால் ஓர் ஆட்டம் வெளியே உட்கார வேண்டும். நான்கோடு நிற்பவரை அங்கே 'ஆ பிகா' என்பார்கள். பெரிய ஆட்டத்துக்கு முந்தைய வாரம் அந்தப் பட்டியல் இல்லாமல் எதுவும் புரியாது.

கடைசிக் கட்டத்தை எழுதும்போதே கை நின்றுவிட்டது. 75க்குப் பிறகு வாங்கிய கோல்.

2013 மே 11, உங்கள் போர்ட்டோவின் டிராகாவ் மைதானம், 29ஆம் சுற்று. நமக்கு அது 12ஆம் தேதி. 16 அணிகள் இருந்த காலம், அதற்குப் பின் ஒரே ஒரு சுற்றுதான் மிச்சம். எங்களுக்கு 74 புள்ளி, உங்களுக்கு 72. எங்கள் லிமா முதல் கோல் போட்டார், எங்கள் மாக்சி பெரெய்ராவின் ஓன் கோலில் சமமாயிற்று. டிரா போதும். அந்த டிராவைக் காக்க எங்கள் பயிற்சியாளர் ஜோர்ஜ் ஜெசூஸ் ஒரு தற்காப்பு ஆட்டக்காரரை இறக்கினார். 90 தாண்டியது. உங்கள் லீட்சனிடமிருந்து பந்து இடதுபக்கமாகக் கெல்வினிடம் போகிறது. இருவருமே மாற்று ஆட்டக்காரர்களாக உள்ளே வந்தவர்கள். கெல்வினுக்கு இன்னும் 20 வயது முடியவில்லை. இடது காலால் தாழ்வாக, குறுக்காக ஓர் அடி. எங்கள் கோல்கீப்பர் ஆர்தர் பாய்ந்தும் எட்டவில்லை, பந்து தூரத்துக் கம்பத்துக்கு உட்புறம் போய்ச் சேர்ந்தது. கோட்டோரத்தில் ஜெசூஸ் முழங்காலிட்டு விழுந்தார்.

நீங்கள் போனில் கத்தினீர்கள். அதை நான் தப்பு என்று சொல்லவில்லை, போர்ட்டோக்காரன் கத்தாமல் என்ன செய்வான்? அந்தக் கிளப்பின் அருங்காட்சியகத்திலேயே அந்தக் கோலுக்கென்று கே எழுத்தைப் பெயராகச் சூட்டி ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் நான் பதிலுக்குச் சொன்னது ஆட்டத்தைப் பற்றியதல்ல. அதை இங்கே எழுத முடியாது. உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன். நீங்கள் பட்டம் வாங்கும் வரை அமைதியாக இருந்துவிட்டு, 19ஆம் தேதி பாசோஸ் டி ஃபெரெய்ராவை 2–0 என்று ஜெயித்த பிறகு அதே கோலை மறுபடி மறுபடி அனுப்பியதையும் நான் மறக்கவில்லை. ஒரு தடவை போதாதா அண்ணே?

இத்தனை வருடம் கழித்துக் கணக்கை உட்கார்ந்து போட்டேன். இதைச் சொல்லாமல் மன்னிப்பு முழுமையாகாது. அந்த வருடம் இரண்டு அணிக்கும் 24 வெற்றி. உங்களுக்கு 6 டிரா, தோல்வியே இல்லை, 78 புள்ளி. எங்களுக்கு 5 டிரா, 1 தோல்வி, 77 புள்ளி. சீசன் முழுவதிலும் நாங்கள் லீக்கில் தோற்ற ஒரே ஆட்டம் அதுதான். கெல்வின் அடித்தது வெளியே போயிருந்தால் நாங்கள் 78, நீங்கள் 76. இதை மட்டும்தான் நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அதற்கு ஐந்து நாள் முன்னால், மே 6, திங்கட்கிழமை. எங்கள் லூஷ் மைதானத்தில் எஸ்டோரிலோடு 1–1. ஜெஃபர்சன் போட்ட கோலுக்குப் பின்னால் போய், மாக்சி பெரெய்ரா சமப்படுத்திய ஆட்டம். அதை மட்டும் ஜெயித்திருந்தால் டிராகாவில் தோற்ற பிறகும் நாங்கள் 76, நீங்கள் 75. கடைசிச் சுற்றில் மொரெய்ரென்சை 3–1 என்று ஜெயித்தோம், 79 ஆகியிருக்கும். கெல்வின் கோல் அப்படியே இருக்க, பட்டம் எங்களுடையது. ஐந்து டிராவில் எதை மாற்றினாலும் கணக்கு மாறும்தான், உங்களோடு ஜனவரியில் ஆடிய 2–2 உட்பட. ஆனால் எஸ்டோரில் ஆட்டம் இருந்த சுற்றுக்கு நாங்கள் 4 புள்ளி முன்னிலையோடு போனோம். சொந்த மைதானம், மூன்று சுற்றுதான் பாக்கி. பட்டம் போனது அந்தத் திங்கட்கிழமை. நான் கோபப்பட்டது சனிக்கிழமையிடம், அதோடு சேர்த்து உங்களிடமும்.

எஸ்டோரிலைக் குறைத்து மதிப்பிட்டதுதான் தப்பு. அந்த வருடம்தான் இரண்டாம் பிரிவிலிருந்து ஏறி வந்த அணி. பயிற்சியாளர் மார்கோ சில்வா. 5ஆம் இடத்தில் முடித்து ஐரோப்பிய ஆட்டத்துக்கே போனது. பாசோஸ் 3ஆம் இடம், ஸ்போர்ட்டிங் 7ஆம் இடம் என்ற சீசன் அது. பிற்பகல் 15:30 ஆட்டங்களைப் பார்க்காதவனுக்கு அந்த அட்டவணை புரிந்திருக்காது. எனக்குப் புரியவில்லை. சிறிய அணிகளின் ஆட்டத்தை விடக்கூடாது என்று மேலே சொன்னது இதற்காகத்தான். வாரம் ஒன்றாவது முழுதாகப் பார்ப்போம், அதுவும் அடுத்த மூன்று சுற்றுக்குள் நம் அணிகளில் ஒன்றைச் சந்திக்கப் போகும் அணியின் ஆட்டத்தை.

ஓய்வு நாள் கட்டத்துக்கும் அதே மே மாதம்தான் பாடம். 2ஆம் தேதி வியாழன் ஃபெனர்பாசேயோடு யூரோப்பா அரையிறுதி, 3–1 வெற்றி. 6 எஸ்டோரில். 11 டிராகாவ். 15 ஆம்ஸ்டர்டாமில் யூரோப்பா இறுதி, செல்சியிடம் கடைசி நொடியில் இவானோவிச் தலையால் போட்ட கோலில் 2–1 தோல்வி. 19 மொரெய்ரென்ஸ். 26 ஜமோரில் கோப்பை இறுதி, விட்டோரியா கிமராய்ன்ஸ் இரண்டே நிமிட இடைவெளியில் இரண்டு கோல் போட்டு 2–1. 25 நாளில் ஆறு ஆட்டம், கைக்கு வந்தது ஒன்றும் இல்லை. வியாழன் ஐரோப்பாவில் ஆடிவிட்டு ஞாயிறோ திங்களோ லீக்கில் இறங்கும் அணிக்கு எதிரே சிறிய அணி ஒரு வாரம் முழுக்க ஓய்வெடுத்துக் காத்திருக்கும். அந்த ஆட்டங்களைச் சிவப்பு மையில் குறிப்போம். உங்கள் அணிக்கும் இதே விதிதான்.

மாக்சியைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். திங்கள் காப்பாற்றியவர், சனி ஓன் கோல், 2015இல் உங்கள் நீலவெள்ளைச் சட்டை. அதை நீங்கள் கொண்டாடிய விதம் இன்னும் உறுத்துகிறது. போகட்டும்.

2014 ஜனவரி 5 அன்று எங்கள் பென்ஃபிகாவின் பெரிய ஆட்டக்காரர் எய்சேபியோ போனபோது எல்லாருக்கும் முன்னால் எழுதியவர் நீங்கள். அடுத்த வாரம் எங்கள் ஆட்டக்காரர்கள் அத்தனை பேர் முதுகிலும் எய்சேபியோ பெயரோடு உங்களை 2–0 ஜெயித்தபோதும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் உங்கள் கிளப்புக்கு 42 வருடம் தலைவராக இருந்த பிந்து ட கோஸ்டா 2025 பிப்ரவரியில் போனபோது நான் எழுதவில்லை. அவர் எங்களுக்குச் செய்ததையெல்லாம் வைத்து என்னால் எழுத முடியவில்லை என்று வேண்டுமானால் சொல்லலாம். அதே வருடம் ஆகஸ்ட் 5 அன்று ஜோர்ஜ் கோஸ்டா போனதற்கு எந்தக் காரணமும் சொல்ல முடியாது. 2004இல் கெல்சன்கிர்ஷனில் சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கிய கேப்டன். அவரை 'பிஷு' என்று நீங்கள் சொல்லும்போதே குரல் மாறும். அன்று போனைக் கையில் வைத்துக்கொண்டு எழுதாமல் இருந்தேன். அது தப்பு அண்ணே.

ஜனவரியைப் பற்றியும் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். ஆட்டக்காரர்களை விற்கும் காலத்தை அவர்கள் 'ஜனெலா' என்கிறார்கள். நம் ஜன்னல் அங்கிருந்து வந்த சொல்தான். ஜன்னல் திறந்தால் நல்ல ஆட்டக்காரர் வெளியே போவார், அந்த லீக்கின் பிழைப்பே அது. அதனால் சீசன் முடிந்தது என்று அர்த்தமில்லை. 2014 ஜனவரியில் மாட்டிச் செல்சிக்குப் போனார், பட்டம் பென்ஃபிகாவுக்கு. 2022 ஜனவரியில் லூயிஸ் டியாஸ் லிவர்பூலுக்குப் போனார், போர்ட்டோ 91 புள்ளியோடு பட்டம். 2023இல் ஜன்னலின் கடைசி நாள் என்சோ ஃபெர்னாண்டசைச் செல்சி வாங்கியது, நாங்கள் 87, நீங்கள் 85. விற்ற மறுநாள் யாரும் புலம்பக் கூடாது. மூன்று சுற்று பொறுத்து, அந்த இடத்தில் யாரை ஆடவைக்கிறார்கள் என்று பார்த்த பிறகு பேசுவோம்.

புள்ளி சமமானால் மொத்த கோல் வித்தியாசத்தைப் பார்க்காதீர்கள். சமமாக நிற்கும் இருவரும் தங்களுக்குள் ஆடிய இரண்டு ஆட்டத்தின் புள்ளிதான் முதலில். 2025 மே 10 அன்று லூஷில் ஸ்போர்ட்டிங்கோடு 1–1 முடிந்தபோது இருவருக்கும் 79. ஆனால் டிசம்பரில் 1–0 ஜெயித்தது அவர்கள், ஆகவே கடைசிச் சுற்றுக்கு முன்னால் போனதும் அவர்கள். நாங்கள் பிராகாவில் மறுபடி 1–1, அவர்கள் ஜெயித்து 82. இரண்டாம் இடம் என்றால் வெறும் மனவருத்தம் மட்டுமில்லை. அந்த முறை ஆகஸ்டு தொடக்கத்திலேயே சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் இறங்க வேண்டியிருந்தது; அந்த ஆகஸ்டில் நீஸ், பிறகு ஃபெனர்பாசே என்று தாண்டிப் போனோம். அப்படி ஆடினால் லீக் தொடங்கும்போதே கால் களைத்திருக்கும், ஓய்வு நாள் கட்டத்தில் முதல் சிவப்பு மை அங்கேயே விழும்.

இன்னொன்று. 2017–18இலிருந்து வி.ஏ.ஆர், அதாவது வீடியோ பார்த்துத் தீர்ப்பைச் சரிபார்க்கும் நடுவர், இருக்கிறது. கோல் விழுந்ததும் போன் செய்யாதீர்கள். நடுவட்டத்திலிருந்து பந்து மறுபடி உருண்ட பிறகு செய்யுங்கள். 92ஆம் நிமிடமாக இருந்தாலும் எடுப்பேன்.

நோட்டு வாங்கிவிட்டேன், 200 பக்கம், சுற்றுக்கு ஐந்து பக்கம் போக முப்பது மிஞ்சும், கோப்பை ஆட்டங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். வெள்ளி, திங்கள் ஆட்டங்கள் எனக்கு, சனி, ஞாயிறு உங்களுக்கு. நேருக்கு நேர் மோதும் இரண்டையும் சேர்ந்து பார்ப்போம். காலையில் மூன்று விளையாட்டுப் பத்திரிகைகளின் முதல் பக்கத்தையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும், ஒரே பெனால்டி மூன்று விதமாக இருக்கும். 'ஓ ஜோகு' உங்களுக்கு, 'ஆ போலா' எனக்கு. 'ரெக்கார்ட்' யார் படிப்பது என்று குலுக்கலுக்கு முன்னால் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி