அழுகை குறைந்துவிட்டது

பொன்மலை, திருச்சி

அன்புள்ள சிநேகிதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இன்னும் அழுதுகொண்டேதான் இருக்கிறாயா என்று கேட்டிருந்தாய். இல்லையடி. இப்போது கோபம்தான் வருகிறது, போய்ச்சேர்ந்த என் வீட்டுக்காரர் மேல். பாஸ்புக் எங்கே, கேஸ் சிலிண்டருக்கு எந்த நம்பரில் சொல்வது, ஒன்றையும் சொல்லாமல் போய்விட்டார். ஒர்க்‌ஷாப்பில் ஊட்டி மலை ரயிலின் நீராவி எஞ்சினையே பிரித்து மாட்டிய மனுஷன், எனக்கு ஏ.டி.எம். கார்டு போடக் கற்றுத்தரவில்லை.

பகல் எப்படியோ ஓடிவிடுகிறது. விளக்கு வைக்கிற நேரம்தான் பொல்லாதது. பேச்சுச் சத்தம் கேட்கட்டும் என்று டி.வி.யை ஓடவிட்டுவிட்டு, பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

நவம்பரில் குடும்பப் பென்ஷனுக்கு உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க வேண்டியிருந்தது. தபால்காரரே வீட்டுக்கு வந்து, 70 ரூபாய் வாங்கிக்கொண்டு எடுத்துத் தந்தார். முதலில் என் கைரேகை மிஷினில் விழவேயில்லை. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து விரலில் என்ன மிச்சம்? அப்புறம் போனில் முகத்தைக் காட்டி, "கண்ணைச் சிமிட்டுங்கம்மா" என்றார். சிமிட்டினேன். நான் உயிரோடு இருப்பதை அரசாங்கம் ஒப்புக்கொண்டது! அவர் இருந்திருந்தால் இதைச் சொல்லியே ஒரு வாரம் சிரித்திருப்பார்.

மகன் பெங்களூருக்கே வந்துவிடு என்கிறான். போய் இருந்து பார்த்தேன். மருமகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எட்டரைக்கெல்லாம் எல்லோரும் கிளம்பிவிட்டால், அங்கேயும் தனிமைதான், அதுவும் தெரியாத ஊரில். இங்கே நான் ஒரு நாள் வாசலுக்கு வராவிட்டால் கீரைக்காரம்மா உள்ளே வந்து எட்டிப் பார்ப்பாள். டவுன் பஸ்ஸில் 2021இலிருந்து பெண்கள் நமக்கு டிக்கெட்டுக்குக் காசும் கிடையாது. மனம் கனத்தால் ஸ்ரீரங்கம் போய், அம்மா மண்டபத்துப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.

சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். அட்சதைத் தட்டு என்னைத் தாண்டிப் போனது. கூப்பிட்டு நிறுத்தி, நானே ஒரு கை எடுத்துக்கொண்டேன். பெண்ணை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான், வாழ்த்த வேறு யாருக்கு உரிமை? இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். சரி, சுளிக்கட்டும். பொட்டையும் நான் எடுக்கவில்லை, நீ கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.

நீயும் மதுரையில் தனியாகத்தானே இருக்கிறாய்? காலையில் வைகையைப் பிடித்து வா. ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போகலாம். என் குழம்பில் உப்பு இல்லை என்று சண்டை பிடிக்க ஆளில்லாமல் வாய் மரத்துப்போயிருக்கிறது. பத்து நாளாவது தங்குவது போல வா. சுகர் மாத்திரையை மறந்துவிடாதே, போன தடவை மாதிரி இங்கே கடை கடையாக அலைய முடியாது.

உன் பழைய பெஞ்சுக்காரி