பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம்.

மூன்று ஞாயிறாக நீ வீடியோவில் வரவில்லை, குரல் மட்டும்தான். படிக்கணும்ப்பா என்கிறாய். சரி, படி. நைட் டூட்டி முடிந்து வந்ததும் புத்தகத்தோடு உட்காராதே, முதலில் சாப்பிடு. ராகி மாவு தீர்ந்திருக்கும், அம்மா அரைத்து வைத்திருக்கிறாள். பெங்களூரா மாங்காய் நல்ல காய்ப்பு, விலைதான் இல்லை. மாம்பழக் கூழ் ஃபேக்டரி வாசலில் நம் லோடு இரண்டு நாள் நின்றது. அதை விடு. லோன் தவணை என் பாடு, அதை நினைத்துச் சாப்பிடாமல் இருக்காதே.

காவேரிப்பட்டணம் பஸ்ஸில் ஒருத்தர், நர்ஸுக்கு மேலே என்னங்க படிப்பு என்றார். கண்ணுக்கென்றே தனிப் படிப்பு, லண்டனில் பயிற்சி எடுத்த நர்ஸே கண்ணுக்குள் ஊசி போடுவாங்க என்றேன். அவர் நம்பவில்லை. எனக்கு மார்பு நிமிர்ந்துதான் இருந்தது. ஆனாலும் மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரி 1976-ல் 11 படுக்கையோடு ஆரம்பித்தது என்று நீதானே சொன்னாய்? அங்கே இல்லாத கண்ணா லண்டனில் இருக்கிறது? கோபப்படாதே, கேட்கத் தோன்றியது, கேட்டேன்.

கடைசியாக வீடியோவில் வந்தபோது, குளுக்கோமா என்கிற கண் அழுத்த நோய் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன், ஆயாவுக்கு முதலில் என்ன மருந்துப்பா போட்டீங்க என்று கேட்டாய். வயசாச்சு, கண் போச்சு என்று சொல்லிவிட்டேன். நீ பேசாமல் என்னையே பார்த்தாய்.

வயசு இல்லை பாப்பா. கண் அரிக்கிறது என்றாள். மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் ஒரு சொட்டு மருந்து வாங்கினேன். இரண்டே நாளில் சிவப்பு போனது. சாமி மருந்துடா என்றாள். தீரத் தீர வாங்கினேன், ஒன்றரை வருஷம். தினமும் ராத்திரி அவள் நெற்றியைப் பிடித்து, இமையை இழுத்து நான்தான் விட்டேன். அப்புறம் நிலைப்படியில் தோளை இடித்துக்கொண்டாள். பக்கத்தில் வைத்த சொம்பைத் தட்டிவிட்டாள். அம்மா திட்டினாள், நானும் திட்டினேன். சேலத்தில் டாக்டர் பாட்டிலை வாங்கிப் பார்த்துவிட்டு, ஸ்டீராய்டு, இதை விட்டு விட்டுத்தான் கண் அழுத்தம் ஏறிவிட்டது என்றார். 21-க்குள் இருக்க வேண்டிய கண் அழுத்தம் 40-ஐத் தாண்டியிருந்தது. போன நரம்பு திரும்பாது என்றார்.

வீட்டில் வயசு என்று சொன்னேன். அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. நீ ஒன்பதாவது படித்தாய், ஆயாவைக் கையைப் பிடித்துக் கொல்லைக்குக் கூட்டிப்போவாய். அவளைப் பார்த்துத்தான் என் பெண் கண் நர்ஸ் ஆனாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

பாட்டில் மாட்டுக் கொட்டகை எரவாணத்தில் செருகியே இருக்கிறது. பேர் பாதி அழிந்துவிட்டது. படிக்க முடிந்த எழுத்தை இந்தத் தாளின் பின்னால் எழுதியிருக்கிறேன். கட்டுரைக்கு வேண்டுமென்றால் எடுத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வா. அம்மா பக்கத்தில் இருந்தால் இதைப் பேசாதே. சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடு.

அப்பா