முத்துவுக்கு, நிலநடுக்கோட்டுக்குத் தெற்கேயிருந்து

இந்தியப் பெருங்கடல்
மார்ச் 10, இரவு

மக்கா முத்து,

உன் பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்பாததால் இரண்டு மாதமாக என்மேல் கோபத்தில் இருக்கிறாயாம். ரோசி சொன்னாள். நடந்ததைக் கேள். ஜனவரி 16 ராத்திரி எங்கள் படிப்புக் கப்பலில், ஹவாய்க்கும் ஜப்பானுக்கும் நடுவில் படுத்துத் தூங்கினோம். விடிந்து பார்த்தால் தேதி 18. சர்வதேசத் தேதிக்கோட்டைத் தாண்டி மேற்கே போகிற கப்பலுக்கு ஒரு நாள் இல்லாமல் போய்விடும். எங்களுக்கு இல்லாமல் போனது 17. உன் பிறந்தநாள் எந்த நாட்டில் எப்படி விடிந்ததோ, இந்தக் கப்பலில் விடியவே இல்லை. அதற்குப் பிறகும் எழுதாமல் இருந்தது என் தப்புதான். மன்னித்துக்கொள்.

நான் நன்றாக இருக்கிறேன். உன் அப்பாவுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது? செமினாரில் அந்தக் குடை விஷயத்தை மறுபடி யாரும் கிளப்பவில்லையே?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நேற்று முன்தினம் நான் மொட்டை போட்டுக்கொண்டேன்.

நீ வாசித்தது சரிதான். முழு மொட்டை. இடுப்பு வரை இருந்த முடி இப்போது ஒரு காகிதப் பையில் இருக்கிறது. இது இன்னும் அம்மாவுக்குத் தெரியாது. தெரியும்போது நீ பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

கப்பல் நிலநடுக்கோட்டைத் தாண்டும் நாளை இங்கே நெப்டியூன் நாள் என்கிறார்கள். கோட்டை முதல்முறை தாண்டுகிறவர்களைக் கடலரசன் முன்னால் நிறுத்தித் தீட்சை கொடுப்பது மாலுமிகளின் பழைய வழக்கம். காலையில் கப்பல் ஊழியர்கள் மேளம் கொட்டிக்கொண்டு தாழ்வாரம் தாழ்வாரமாக வந்து எல்லோரையும் எழுப்பினார்கள். மேல்தளத்தில் நீச்சல் குளம். வரிசையில் போனால் தலையில் ஒரு வாளி பச்சைக் குழம்பை ஊற்றுவார்கள். மீன் கழிவு என்று சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். நாற்றத்தை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அப்படியே குளத்தில் குதித்து மறுகரை ஏறி, ஒரு முழு மீனுக்கு முத்தம் கொடுத்து, கிரீடம் வைத்த நெப்டியூனை வணங்க வேண்டும். பக்கத்தில் நாலைந்து நாற்காலிகள், மின்சார மெஷின்கள். விருப்பம் உள்ளவர்கள் மொட்டை போட்டுக்கொள்ளலாம். பையன்கள் நிறையப் பேர் உட்காருவார்கள் என்று எதிர்பார்த்ததுதான். பெண்களும் உட்கார்ந்தார்கள். நீளமான முடியை முதலில் பின்னி, பின்னலோடு வெட்டித் தனியாக வைக்கிறார்கள், புற்றுநோய் வந்தவர்களுக்கு விக் செய்யக் கொடுப்பதற்கு.

என் அறைத்தோழி நெப்ராஸ்காக்காரி. ஜனவரியில் கப்பல் ஏறுவதற்கு முன் கடலைப் பார்த்ததே இல்லை. அவள் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு முடிந்ததும் அதே நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அதை அம்மாவிடம் அழுத்திச் சொல்.

ஏன் உட்கார்ந்தாய் என்று கேட்பாய். எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது தம்பிக்குத் திருச்செந்தூரில் நேர்ச்சை. எனக்கும் மொட்டை போடுங்கள் என்று நான் அழுத கதை உனக்குத் தெரியும், உன் ஆச்சியும் கூட வந்திருந்தார்களே. பெண் பிள்ளைக்குப் பூமுடி போதும் என்று நுனியில் கொஞ்சம் நறுக்கிவிட்டார்கள். தம்பி கடலில் முங்கி எழுந்து வந்தான், அம்மா அவன் தலை முழுக்கச் சந்தனம் பூசினாள். அந்த மஞ்சள் தலையைத் தடவிப் பார்த்தேன். எவ்வளவு குளிர்ச்சி! அதற்கப்புறம் பன்னிரண்டு வருஷம் அந்த ஆசை எங்கே போயிருந்ததோ தெரியவில்லை. நடுக்கடலில், வெயிலில், மெஷின் சத்தத்தைக் கேட்டதும் அப்படியே திரும்பி வந்தது. அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் எதையும் அம்மாவுக்காக என்னால் உண்டாக்க முடியவில்லை.

ஆனால் அம்மா முதலில் கேட்கப்போவது, யாருக்கு நேர்ச்சை என்றுதான். நேர்ச்சை இல்லாமல் ஒரு பெண் தலையை மழிப்பது அவள் அறிந்த உலகத்தில் கிடையாது. யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, யாரும் சாகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடு.

என்னை உறுத்துவது இன்னொன்று. மொட்டைக்கு நாலு நாள் முன்னால்தான் கொச்சியில் அம்மாவைப் பார்த்தேன். அப்பாவும் அம்மாவும் ரயிலேறி எறணாகுளம் வந்தார்கள். இலங்கையைச் சுற்றிக் கப்பல் மேற்கே திரும்பிய ராத்திரி, அறை டிவியில் ஓடும் வரைபடத்தில் கன்னியாகுமரி தெரிந்தது. நான் தளத்துக்கு ஓடிப்போய் நின்றேன். அவ்வளவு தூரத்திலிருந்து எந்த விளக்கும் தெரியாது என்று தெரிந்தும் நின்றேன். சங்குத்துறையில் நீயும் நானும் கால் நனைத்துக்கொண்டு எந்தக் கப்பலைப் பார்த்தோமோ, அது மாதிரி ஒன்றில் நான் இருக்கிறேன் என்று நினைத்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது.

எறணாகுளத்தில் லாட்ஜ் அறைக்குள் போனதும் அம்மா செய்த முதல் காரியம், என்னைக் கட்டிலில் உட்கார வைத்து எண்ணெய் தேய்த்தது. செம்பருத்தி போட்டுக் காய்ச்சிய அதே எண்ணெய். சிக்கெடுத்து, இரட்டைப் பின்னல் போட்டு, தோவாளையிலிருந்து ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்த பிச்சிப்பூவை வைத்தாள். ரயிலில் பாதி வாடியிருந்தது, வாசனை வாடவில்லை. "கப்பல் தண்ணி ஒத்துக்கிடாது, கொட்டுனாலும் பரவாயில்ல, முடிய மட்டும் வெட்டிராத மக்களே" என்றாள். நான் சரி என்றேன். முத்து, நான் சரி என்று சொன்னேன். சொல்லும்போது பொய் இல்லை.

கொச்சியில் இன்னும் சில மனத்தாங்கல்கள் உண்டு. அமெரிக்கப் பிள்ளைகள் கதகளி பார்த்தார்கள், ஆலப்புழைப் படகு வீட்டில் தங்கினார்கள், ஆறு நாளில் தாஜ்மகாலுக்கும் விமானத்தில் போய்வந்தார்கள். எங்கள் பாடத்துக்கான களவகுப்பு ஃபோர்ட் கொச்சியில். சீன வலைகள், வாஸ்கோ ட காமாவை 1524-ல் முதலில் புதைத்த பிரான்சிஸ் தேவாலயம், 1568-ல் கட்டிய மட்டாஞ்சேரி யூதக் கோவில். போன இடமெல்லாம் ஏன் இப்படி, ஏன் அப்படி என்று என்னிடம் கேள்வி. ஆட்டோ பேரம் முதல் சாதி வரை எல்லாவற்றுக்கும் நான்தான் பதில். நம் ஊர் மலையாளத்தை வைத்துச் சமாளித்தேன். ஒருத்தி நாய்க்குட்டியைப் படம் பிடிப்பதுபோல் ஒரு குழந்தையைப் படம் பிடித்தாள். அவளிடம் கோபமாகப் பேசினேன். அன்று ராத்திரி அவளே வந்து மன்னிப்புக் கேட்டாள். அப்புறம் இரண்டு மணி நேரம் பேசினோம். எதிரும் புதிருமாக முறைத்துக்கொண்டு போக இங்கே இடமில்லை. மறுநாள் சாப்பாட்டு மேஜையில் அவள் பக்கத்தில்தான் உட்கார வேண்டியிருக்கும்.

கப்பலில் படிப்பா பிக்னிக்கா என்று போன வருஷம் கிண்டலடித்தாயே, வரலாற்று மேதையே, இந்தா கேள். நான் இப்போது கப்பல் நூலகத்தில் பகுதிநேர வேலை பார்க்கிறேன், என் கட்டணத்தில் ஒரு பங்கு அப்படித்தான் கழிகிறது. அங்கே வாசித்த கதை இது. 1926 செப்டம்பரில் ரைண்டம் என்ற கப்பல் சுமார் 500 மாணவர்களோடு நியூயார்க் பக்கத்திலிருந்து கிளம்பி, உலகைச் சுற்றி 1927 மே மாதம் திரும்பியது. நியூயார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜேம்ஸ் லஃப் கொண்டுவந்த யோசனை. ஹாங்காங்கில் இன்னொரு கதை தெரிந்துகொண்டேன். சி.ஒய். துங் என்ற கப்பல் முதலாளி, குவீன் எலிசபெத் என்ற மாபெரும் பயணக்கப்பலை 1970-ல் ஏலத்தில் வாங்கி, மிதக்கும் பல்கலைக்கழகமாக மாற்றிக்கொண்டிருந்தார். 1972 ஜனவரியில், வேலை முடியும் தறுவாயில், அந்தத் துறைமுகத்திலேயே அது எரிந்து கவிழ்ந்தது. ஒரு மாணவன்கூட அதில் பாடம் கேட்கவில்லை. அவர் விட்டுவிடவில்லை, சிறிய கப்பல் ஒன்றில் திட்டம் தொடர்ந்தது. அந்த வழியில் வந்ததுதான் செமஸ்டர் அட் ஸீ என்கிற எங்கள் கப்பல் படிப்புத் திட்டம். நாங்கள் இருக்கும் வேர்ல்டு ஒடிஸி, 1998-ல் ஜெர்மனியின் கீல் நகரில் டாய்ச்லாந்து என்ற பெயரில் கட்டியது. 2015 முதல் மாணவர்களை ஏற்றுகிறது, கோடையில் பழைய பெயரோடு ஜெர்மானியரைச் சுற்றுலா கூட்டிப்போகிறது. படிக்கட்டுப் பித்தளைக் கைப்பிடிகளைப் பார்த்தால் நீ அங்கேயே உட்கார்ந்துவிடுவாய்.

கடலில் இருக்கும் நாளெல்லாம் வகுப்பு உண்டு. ஏ நாள், பி நாள் என்று மாறி மாறி வரும், ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. துறைமுகத்தில் நிற்கும் நாட்களில் வகுப்பு இல்லை, களவகுப்பு மட்டும். மதிப்பெண்ணைக் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம் போடுகிறது. வட பசிபிக்கில் பத்து நாள் கப்பல் ஆடிய ஆட்டத்தில், தேர்வுத்தாளை ஒரு கையாலும் மேஜையை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டு எழுதினோம். அதே கடலில் 2005 ஜனவரியில் இந்தத் திட்டத்தின் பழைய கப்பலான எக்ஸ்ப்ளோரரை 50 அடி அலை அடித்து, எஞ்சின்கள் நின்று, ஹவாய்க்குத் திருப்பினார்கள். இதை அம்மாவிடம் சொல்லாதே. மொட்டையை மட்டும் சொல்.

அப்புறம் விசா. என் தோழிகளுக்குப் பாஸ்போர்ட்டைக் காட்டினால் பாதி நாடுகள் கதவு திறக்கின்றன. நான் கிளம்புவதற்கு முன் நாலு மாதம், ஒவ்வொரு தூதரகத்துக்கும் வங்கிக் கணக்கும் கல்லூரிக் கடிதமும் அனுப்பிக்கொண்டே இருந்தேன். ஒரே கப்பல், ஒரே வகுப்பு, ஒரே தேர்வு. இது எனக்கு இன்னமும் ஆறவில்லை.

நாளை மறுநாள் போர்ட் லூயிஸ். மொரீஷியஸுக்கு நமக்கு முன்கூட்டி விசா வேண்டாம். எரிபொருள் நிரப்பும் நிறுத்தம்தான், ஒரு பகல் கிடைக்கும். நான் ஆப்பிரவாசி காட் என்ற இடத்துக்குப் போகப் போகிறேன். 1834-லிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களைக் கரையிறக்கிப் பதிவு செய்த படித்துறை. ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் இந்தியாவிலிருந்து இந்தக் கடலைத் தாண்டிப் போயிருக்கிறார்கள், சென்னையில் கப்பல் ஏறிய நம்மவர்களும் அதில் உண்டு. எனக்கு ஏசி அறை, மூன்று வேளைச் சாப்பாடு, திரும்புவதற்கு டிக்கெட். அவர்களில் பலருக்குத் திரும்பும் வழியே இருக்கவில்லை. ராத்திரி தளத்தில் நின்று தண்ணீரைப் பார்த்தால் இதே நினைவாக இருக்கிறது. அந்த ஊர் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது தெரியுமா? 1998-ல் அடித்த நோட்டுகளில் தமிழைப் பின்னுக்குத் தள்ளி வரிசையை மாற்றினார்கள். அங்குள்ள தமிழர் கொதித்தெழ, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். உனக்கு ஒரு நோட்டு மடங்காமல் எடுத்து வைக்கிறேன்.

மொட்டைக்கு வருகிறேன். அன்று சாயங்காலம் வெயில் பட்டுத் தலை எரிந்தது. அம்மா கொச்சியில் கட்டிக்கொடுத்த பையைத் திறந்தேன். முந்திரிக்கொத்து, நேந்திரங்காய் சிப்ஸ், எண்ணெய் பாட்டில், அடியில் முகப்பருவுக்கென்று ஒரு பொட்டலம் சந்தனப் பொடி. தண்ணீரில் குழைத்துப் பூசினேன். முத்து, அதே குளிர்ச்சி. அறைத்தோழி தனக்கும் வேண்டும் என்றாள், பூசிவிட்டேன். அவள் அப்படியே சாப்பிடப் போக, அரைமணி நேரத்தில் எங்கள் கதவருகே பன்னிரண்டு மொட்டைத் தலைகள். ஒவ்வொருத்தியையும் கட்டிலில் உட்கார வைத்து, அம்மா தம்பிக்குப் பூசிய மாதிரியே நெற்றியிலிருந்து பிடரி வரை பூசினேன். தாழ்வாரமெல்லாம் திருச்செந்தூர் வாசனை. இந்தப் பயணத்தில் என் கையால் யாருக்காவது எதையாவது கொடுத்தேன் என்றால் அன்றுதான். பொட்டலம் காலி.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்குப் போ. அப்பா கடைக்குப் போயிருப்பார், அம்மா தனியாக இருப்பாள். போட்டோவை முதலில் காட்டாதே. சந்தனக் கதையைச் சொல்லிவிட்டு, அப்புறம் காட்டு. எங்கள் சித்தி மகள் இன்ஸ்டாகிராமில் பார்ப்பதற்கு முன்னால் இது நடக்க வேண்டும். அம்மா அழுதால் அழட்டும், தடுக்காதே. நான் சரி என்று சொன்னதை அவள் நினைவுபடுத்தினால், அதற்கு மட்டும் நீ பதில் சொல்லாதே. 19-ம் தேதி கேப்டவுனில் இறங்கியதும் நானே கூப்பிட்டுப் பேசுவேன்.

உன்னையும் அன்றே கூப்பிடுவேன். போனைச் சார்ஜில் போட்டு வை, பிளஸ் டூ ரிசல்ட் அன்று செய்தது மாதிரி செய்யாதே. முந்திரிக்கொத்தில் நாலு மீதி இருக்கிறது, உன் பங்கையும் சேர்த்து நான்தான் தின்னப் போகிறேன்.

உன்
கயல்