அந்த 85 லென்ஸ்

அன்புள்ள பாப்பா,

போன மாதம் புதுக் கேமராவைப் பற்றி ஒரே வரியில் கேட்டிருந்தாய்: "அப்பா, டி780 வாங்கவா, மிரர்லெஸ்ஸுக்குப் போயிடவா?" அதற்குப் பிறகு மூன்று தடவை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. வேலை இருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். அவசரப்பட்டு எதையும் வாங்கிவிடாதே.

உன் நிக்கான் டி750 கேமராவுக்கு என்ன குறை என்று நீ சொல்லவேயில்லை. அதன் ஷட்டரை 1,50,000 தடவைக்குச் சோதித்துத்தான் விடுகிறார்கள், நீ அதில் பாதியைக்கூடத் தொட்டிருக்க மாட்டாய். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நாலைந்து படம் அனுப்புவாய். இப்போது நான்கு மாதமாக ஒன்றும் வரவில்லை. அம்மா கேட்கச் சொன்னாள்.

டி780-உம் உன் டி750 மாதிரி டி.எஸ்.எல்.ஆர்.தான், உள்ளே கண்ணாடி வைத்த கேமரா. மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடி கிடையாது. டி780 நல்ல பாடிதான். வ்யூஃபைண்டரில் கண் வைத்தால் நிஜ வெளிச்சம் வந்து விழும், எனக்கு அதுதான் பழக்கம். பின்திரையைப் பார்த்து எடுத்தால் மிரர்லெஸ் மாதிரியே சென்சாரிலிருந்தே ஃபோகஸ் பிடிக்கும். ஆனால் அது 2020 ஜனவரியில் வந்தது. அதற்கப்புறம் நிக்கானில் வந்த டி.எஸ்.எல்.ஆர். டி6 ஒன்றுதான், அதுவும் அதே வருஷம். புது லென்ஸெல்லாம் நிக்கான் மிரர்லெஸ்ஸில் மாட்டுகிற இசட் மவுண்டுக்குத்தான் வருகிறது. நீ இன்னும் முப்பது வருஷம் படம் எடுக்கப் போகிறவள். எடுப்பாய்தானே?

மிரர்லெஸ் என்றால் பேட்டரி சீக்கிரம் தீரும். டி750 ஒரு சார்ஜில் 1,230 படம் என்று கம்பெனிக் கணக்கு, மிரர்லெஸ் இசட்6-க்கு 310. கையில் அதைவிடக் கூடுதலாகவே வரும், இருந்தாலும் உபரி பேட்டரி இல்லாமல் கிளம்பாதே. லென்ஸ் மாற்றும்போது சென்சாருக்கு முன்னால் கண்ணாடி கிடையாது, தூசி நேரே விழும். பாடியைக் கவிழ்த்துப் பிடித்து மாற்று. எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், நீ கேட்டதே இல்லை.

அப்புறம் நான் கொடுத்த 85 மி.மீ. லென்ஸ். பழைய லென்ஸை இசட் பாடியில் பொருத்துகிற எஃப்.டி.இசட். அடாப்டர் போட்டால் மாட்டலாம், ஆனால் தானாக ஃபோகஸ் பிடிக்காது. பழைய டி லென்ஸுக்குள் மோட்டார் இல்லை. பாடியில் இருக்கிற மோட்டார்தான் மவுண்டில் நீட்டியிருக்கும் சின்னத் திருகு வழியாக அதைச் சுற்றுகிறது. அடாப்டரில் அந்தத் திருகே கிடையாது. இதைச் சொல்லி மாறாதே என்பேனோ என்று பயந்துதான் போனை எடுக்காமல் இருக்கிறாயா?

அப்படியானால் கேள். ஜன்னலோரம் உட்காரவைத்து அம்மாவை எடுத்தாயே, அந்தப் படத்தை நான் மறக்கவில்லை. ஒன்றரை மீட்டரில் நின்று, லென்ஸின் திறப்பை 1.8 வரை அகலமாக வைத்து எடுத்தது. நெற்றியோர நரைமுடியை ஒவ்வொன்றாக எண்ணலாம், கண் இரண்டும் மங்கல். "கை நடுங்கியிருக்கு, உனக்குப் பொறுமை போதாது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். கை நடுங்கியிருந்தால் முடியும் சேர்ந்து கலைந்திருக்க வேண்டாமா? இத்தனை வருஷம் கேமரா பிடித்தவன், அதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் சென்சார் துடைக்கச் சொல்லி கேமராவை என்னிடம் கொடுத்தாய். மேஜையில் ஸ்கேலைச் சாய்த்து வைத்துச் சோதித்தேன். 10-இல் ஃபோகஸ் வைத்தால் அதற்குப் பின்னால் 13-இல் கூர்மை நின்றது. அந்தத் தூரத்தில் 1.8-இல் கூர்மையாக வருவதே மூன்று, மூன்றரை சென்டிமீட்டர் ஆழத்துக்குத்தான். குறை என் லென்ஸும் அந்த பாடியும் ஒத்துப்போகாததில் இருந்தது, உன் கையில் இல்லை. லென்ஸின் ஃபோகஸை முன்னும் பின்னும் நகர்த்தித் திருத்துகிற ஏஎஃப் ஃபைன் டியூனில் −14 வைத்ததும் சரியாகிவிட்டது. உன்னிடம் சொல்லவில்லை. "லென்ஸ் இப்போ நல்லா இருக்கேப்பா" என்று நீயே சொன்னாய். "துடைத்தேன்" என்றேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை பாப்பா. அந்த நாளிலிருந்துதான் ஞாயிற்றுக்கிழமைப் படம் நின்றுபோனது என்று எனக்குத் தெரியும்.

டி.எஸ்.எல்.ஆரில் ஃபோகஸைப் பார்ப்பது ஒரு சென்சார், படம் பிடிப்பது இன்னொன்று. அவை இரண்டும் பிசகினால் இப்படித்தான் ஆகும். மிரர்லெஸ்ஸில் படம் பிடிக்கிற சென்சாரே ஃபோகஸும் பார்க்கிறது, கண்ணைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். அதனால் நீ மிரர்லெஸ்ஸுக்கே போ. என் லென்ஸைப் பற்றி யோசிக்காதே. வேண்டுமானால் கையால் திருப்பி எடுக்கலாம், பீக்கிங் போட்டால் கூர்மையான விளிம்பு நிறமாகத் தெரியும். பணம் குறைந்தால் சொல். ஆனால் அவசரப்படாதே, முதலில் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பார்.

வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்க்கிற கண் என்னைவிட உனக்குத்தான் நன்றாக இருக்கிறது. அது நான் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை.

அந்தப் படத்தை அன்றைக்கே அழித்துவிட்டாய் என்று தம்பி சொன்னான். அழிக்காமல் எங்காவது இருந்தால் அனுப்பு. அம்மா கேட்கவில்லை, நான்தான் கேட்கிறேன்.

அப்பா